கனத்தது கழியும், கழிந்தது கனக்கும்: பழைய டிவிப் பெட்டியும் அதன் வால்களும் விலைபோகும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

பொருளியல் கற்றோர் அரிசியின் விலையை ஆராய்ந்தார்கள், எஃகின் விலையை ஆராய்ந்தார்கள், கச்சா எண்ணெய் விலையை ஆராய்ந்தே பலருக்குத் தலை நரைத்தது. ஆனால் தெருவோரத்தில் 'வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்' என்று சீட்டு ஒட்டி மழையில் நனையவிட்ட ஒரு 30 கிலோ மானிட்டர், பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுவது எப்படி என்ற வினாவை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அக்குறை போக்க எழுந்ததே இவ்வாராய்ச்சி. நூலின் பயனைப் பாயிரத்தில் சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்நூலுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

எல்லை சொல்லுமிடத்து, கிழக்கே ஜப்பான், மேற்கே அமெரிக்கா, இடையே ஐரோப்பா. தமிழ்நாடு இவ்வெல்லைக்குள் வராது. நம் பிள்ளைகளும் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' ஆடியவர்கள்தாம். நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டியில், 99999 விளையாட்டு இருப்பதாகச் சத்தியம் செய்த மஞ்சள் கேசட்டைச் செருகி, வராவிட்டால் வெளியே எடுத்து ஊதி, மறுபடி செருகி வளர்ந்தவர்கள். 2006இல் தொடங்கி அரசே வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதுவும் பிக்சர் ட்யூப் வைத்த பெட்டிதான். ஆனால் நம் ஊரில் பிக்சர் ட்யூபின் கடைசி மதிப்பு, அதன் கழுத்தில் சுற்றிய செம்புக் கம்பியின் எடை. காயலான் கடைக்காரர் அதை உருவிக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு வேலை இல்லை.

இனி நூல்.

கனத்தது கழியும், கழிந்தது கனக்கும் என்மனார் வணிகர்.

இதனால் சொல்லியது யாதோ எனின், பெட்டி கனமாக இருந்ததால் எறியப்பட்டது, எறியப்பட்டதால் அரிதானது, அரிதானதால் விலை கனத்தது என்றவாறு.

சோனி நிறுவனம் டிரினிட்ரான் என்னும் படக்குழாயை 1968இல் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு கழித்து 2008இல் அதன் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. ஜப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலை 24 அன்று நிறுத்தியது. தட்டை டிவியை வாங்கிச் சுவரில் மாட்டிய குடும்பங்கள், பழையதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று திகைத்தன. சோனியின் 40 அங்குல வேகா ரகம் 130 கிலோவுக்கு மேல். அதை வாங்கிய வீட்டில் மாடிப்படி ஒடுங்கியதாக இருந்தால், டிவியை வெளியேற்றுவதைவிட வீட்டை விற்பது எளிது. காசு கொடுத்து அப்புறப்படுத்தியவர்களும் உண்டு. 1989இல் சோனி 43 அங்குலத்தில் ஒன்று செய்தது. எடை சுமார் 200 கிலோ. அதுவே இக்குலத்தின் பட்டத்து யானை.

வீட்டுப் பெட்டிகள் ஒரு சாதி. பிவிஎம் (PVM), பிவிஎம் (BVM) என்று தமிழில் ஒரே எழுத்தால் எழுதும்படி வாய்த்த இரண்டு தொழில்முறை மானிட்டர்கள் வேறொரு சாதி. முதலாவது எடிட்டிங் அறைக்கும் மருத்துவமனைக்கும் போனது. இரண்டாவது ஒளிபரப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வண்ணம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொன்னது. புதியதாக இருந்தபோது இவற்றை வீட்டுக்கு வாங்க நினைத்தவன் பைத்தியக்காரன். நிலையங்கள் தட்டை மானிட்டருக்கு மாறியபோது, இவை சரக்கு லாரியில் அடுக்கி அனுப்பப்பட்டன. அப்போது கூடவே ஓடிப்போய் இரண்டை இறக்கிக்கொண்டவன் இன்று தீர்க்கதரிசி.

பழசு எதற்கு, புது டிவியில் ஆடக்கூடாதா என்பார்க்கு விடை. பழைய கன்சோல்கள் அனுப்புவது 240 வரிப் படம். புது டிவி அதைப் பார்த்து, பழைய ஒளிபரப்பு போலப் பாதிப் பாதியாக வருகிறது என்று தவறாக எண்ணிக்கொண்டு, ஒட்டவைக்கிறேன் பேர்வழி என்று படத்தைக் குழப்பும். குழப்புவதற்கு நேரமும் எடுத்துக்கொள்ளும். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே மாரியோ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். அதற்குள் பள்ளம் வந்துவிடும். 2001இல் வெளிவந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ ஆட்டக்காரர்கள் பந்தயத்துக்குப் பழைய டிவியைத் தூக்கிக்கொண்டு போவது இந்தக் காரணத்தால்தான்.

வாத்துச் சான்று இன்னும் வலிது. ஜப்பானில் 1984இல் வெளியான டக் ஹன்ட் ஆட்டத்தில், திரையில் பறக்கும் வாத்தைப் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். துப்பாக்கியிலிருந்து குண்டும் வருவதில்லை, கதிரும் வருவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து செத்தது. சுடுவது திரை, பார்ப்பது துப்பாக்கி. கணக்கு நொடியின் சிறு பகுதிக்குள் முடிய வேண்டும். தட்டை டிவியில் வெள்ளைக் கட்டம் தாமதமாக வருகிறது. துப்பாக்கி இருட்டைப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஆகவே தட்டை டிவி உள்ள வீட்டில் அந்த வாத்துகளுக்குச் சாவே கிடையாது. ஜீவகாருண்யம் கருதுவோர் தட்டை டிவியையே வாங்குக.

அறியான் ஈவான், அரைகுறை அறிந்தோன் ஆயிரம் கேட்பான், முற்ற அறிந்தோன் விற்கான்.

இந்நூலின் உயிர் இந்தச் சூத்திரம். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்கலாகாது.

அறியாதவன் முதல்வன். அவனுக்கு டிவி என்பது கார் ஷெட்டில் இடத்தை அடைக்கும் ஒரு பாவம். வீட்டுக்காரி மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் விளம்பரத்தில் ஒரே ஒரு படம் இருக்கும். அதிலும் டிவி அணைந்திருக்கும். கண்ணாடியில் அவனுடைய அரைக்கால் சட்டை பிரதிபலிக்கும். இவனிடம் வாங்குவோர் சிரித்த முகத்தைக் காட்டக்கூடாது. டிரினிட்ரான் திரையில், உற்றுப் பார்த்தால், குறுக்கே மெல்லிய நிழல்கோடு ஒன்றோ இரண்டோ தெரியும். உள்ளே செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பி வலை அதிராதபடி பிடித்திருக்கும் குறுக்குக் கம்பியின் நிழல் அது. அச்சு அசலான டிரினிட்ரான் என்பதற்கு அதுவே முத்திரை. அறியாதவன் அதை விரிசல் என்று நினைத்து, "இங்கே ஒரு கோடு இருக்கு, அதுக்காகப் பத்து டாலர் குறைச்சுக்கறேன்" என்பான். வாங்குபவர் இவ்விடத்தில் துயரத்தோடு தலையாட்ட வேண்டும்.

மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படிந்திருந்தாலும் அப்படியே. பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்ததால் வந்த காந்த வினை அது. தொழில்முறை மானிட்டரில் அதற்கென்றே முன்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். படம் முழுவதும் நீருக்கடியில் கிடப்பதாக நெளிந்து, அடங்கி, திட்டு போய்விடும். அந்தப் பொத்தானை விற்பவன் முன்னிலையில் அழுத்துவது பேரம் தெரியாதவன் வேலை.

இரண்டாமவன் அரைகுறை. ஆபத்தானவன் இவன்தான். அக்காள் மகன் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து "பழைய டிவிக்கு இப்போ நல்ல கிராக்கி மாமா" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். டப்பா டிவியெல்லாம் ரெட்ரோ கேமிங் டிவி ஆகிவிடும். மருத்துவமனையில் குடல் பார்த்த மானிட்டர் 'அரிய பொருள்' ஆகிவிடும். திரையில் ஏதாவது எழுத்து எரிந்து நிரந்தரமாகப் பதிந்திருந்தால் அது 'பழமையின் அடையாளம்'. உள்ளபடியே அரிதான ஒன்றைக் கண்டு வியந்து, அதே விலையைத் தன் பெட்டிக்கும் போடுவான். அவன் பெட்டியிலோ பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று ஓட்டை தவிர வேறில்லை.

இவ்வகையாரின் தலையாய பிழை கணினி மானிட்டர் விற்பது. தொண்ணூறுகளின் கணினி மானிட்டரும் படக்குழாய்தான், கனமும் உண்டு, பழுப்பேறியும் இருக்கும். ஆகவே கேமுக்கு ஆகும் என்பது அவன் அனுமானம். கேமுக்கு ஆகாது. பழைய கன்சோல் நொடிக்குச் சுமார் 15,700 வரி வரைகிறது. விஜிஏ மானிட்டர் 31,000க்குக் கீழே இறங்காது. செருகினால் படம் வராது; வந்தாலும் பார்க்கும்படி இருக்காது. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு. அதற்கு விஜிஏ வழியாகவே அழகான படம் வரும். அந்த ஒரு விதிவிலக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அரைகுறை அறிந்தோன் ஓராண்டு வாதாடுவான்.

15,700 என்ற எண் வேறொரு சோதனைக்கும் உதவும். டிவி ஓடும்போது அதே வேகத்தில் ஒரு கீச்சொலி எழும்பும். சிறுவர்களுக்குக் கேட்கும். வயதாக ஆக அந்த உச்சம் காதை விட்டுப் போய்விடும். பழைய டிவியை ஆசைப்பட்டு வாங்குபவர்களோ நடுவயதினர். ஓடுகிறதா என்று காதால் அறியும் ஆற்றலை இழந்த பிறகே அதை வாங்கும் பணம் அவர்களுக்குக் கைகூடுகிறது. ஆதலால் விவரம் தெரிந்தவர்கள் போகும்போது பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

முற்ற அறிந்தவனைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. அவன் வீட்டில் ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றின் மெனுவையும் திறந்து ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து வைத்திருப்பான். விற்க மாட்டான். விற்பதாகச் சொல்வான், அது வேறு.

திணை வகுக்குமிடத்து, இவ்வணிகத்துக்கு நிலம் கீழ்த்தளமும் கார் ஷெட்டும் காலமான பெரியப்பாவின் அறையும். சிறுபொழுது ஞாயிறு முற்பகல். பெரும்பொழுது வீடு மாற்றும் கோடை. கருப்பொருளில் பறை மேற்சொன்ன 'டொய்ங்'. விலங்கு பூனை, பெட்டியின் மேற்புறம் எப்போதும் கதகதப்பாக இருக்கும் ஆகலின். மூடியைக் கழற்றினால் பூனை முடி கொத்தாக வரும். மூடியைக் கழற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே இடம்பெறுதல் தகும்: படக்குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கும். தெரியாதவர் கை வைத்தால் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

உரிப்பொருள் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். விளம்பரம் போட்ட ஐந்தாம் நிமிடம் "இன்னும் இருக்கா?" என்று ஒரு செய்தி வரும். இருக்கிறது என்று விற்பவன் பதில் போடுவான். அதோடு சரி. கேட்டவன் போன திசை தெரியாது. பிறகு இன்னொருவன், "இன்னும் இருக்கா?" இருக்கிறது. அவனும் போய்விடுவான். இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதில் மட்டும் இன்பம் காணும் ஒரு கூட்டம் உலகெங்கும் பரவியிருப்பதற்கு இவ்வணிகத்தைவிட நல்ல சான்று கிடைக்காது. மூன்றாமவன் வருவதாகச் சொல்லி வருவான். வந்து பாதி விலை கேட்பான். நான்காமவன் நேர்மையானவன், கார் மட்டும் சின்னது.

தபாலில் அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். படக்குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி, உள்ளே வெற்றிடம். லாரி ஒரு குண்டில் இறங்கிக் குலுங்கி, கழுத்து முறிந்து, காற்று புகுந்தால் 30 கிலோ கண்ணாடி மட்டும் மிச்சம். அதனால்தான் 'நேரில் வந்து எடுத்துக்கொள்க' என்ற வரி எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. 'நீங்களே தூக்க வேண்டும், என் முதுகு சரியில்லை' என்பது அதன் பின்னிணைப்பு. தூக்கும் முறையையும் சொல்லிவிடுவோம்: பாரமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால், திரையை மார்போடு அணைத்தபடி தூக்க வேண்டும். படியில் இறங்கும்போது கால் தெரியாது. ஏறும்போது கீழே இருப்பவன் பாவம் செய்தவன்.

இதுகாறும் பெட்டி. இனி வால்.

உருவத்தால் வாலை அறியேல்.

கேபிள் வணிகம் டிவி வணிகத்துக்கு நேர் எதிர். டிவியை யாரும் கண்ணால் பார்த்து இது இன்னதென்று சொல்லிவிடலாம்; தூக்கத்தான் முடியாது. கேபிளை ஒரு விரலால் தூக்கலாம். இன்னதென்று சொல்லத்தான் ஆளில்லை. ஜப்பானில் ஹார்ட் ஆஃப் போன்ற பழம்பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று தனி மூலை உண்டு. பெட்டி பெட்டியாகக் கேபிள் பின்னிக் கிடக்கும். உத்தரவாதம் இல்லை, திருப்பித் தர முடியாது என்பது விதி. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பதினைந்து வரும். அவற்றில் ஒன்று புதையலாக இருக்கலாம். மற்றவை என்றோ செத்துப்போன பிரிண்டருடையவை.

ஸ்கார்ட் என்னும் செருகியை முதலில் காண்போம். பிரெஞ்சு நாட்டில் பிறந்தது, இருபத்தொரு கால், 1980 முதல் பல்லாண்டு அங்கே விற்ற டிவிகளில் அது இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் இருந்தது. கனத்த, சற்றே கோணலான, செருகினால் எப்போது கழன்று விழுமோ என்று அச்சமூட்டும் செருகி. ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக, அதாவது ஆர்ஜிபியாக, சுமந்து வருவதால் படம் கண்ணாடித் துல்லியம். ஐரோப்பாவில் சாதாரண நடுத்தர வீட்டுக் குழந்தை இந்தப் படத்தைச் சலித்துக்கொண்டே பார்த்து வளர்ந்தது. அதே படத்துக்காக அமெரிக்கன் இன்று தொழில்முறை மானிட்டர் தேடி அலைகிறான்.

ஜப்பானியரும் அதே உருவத்தில், அதே இருபத்தொரு காலில் ஒரு செருகி வைத்திருந்தார்கள். எந்தக் கால் எந்த வேலை என்பது மட்டும் வேறு. ஒன்றின் துளையில் மற்றது தடையில்லாமல் உட்காரும். உட்கார்ந்தபின் படம் வராமல் போவது நல்ல விதி; கருவி கெட்டுப்போவது தீவிதி. விற்பவனுக்கு வேறுபாடு தெரியாது. படத்தில் பார்த்தாலும் தெரியாது. மீட்டரை வைத்து ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்ப்பவனே பிழைப்பான்.

அடுத்தது சேகா மெகா டிரைவ். 1988இல் வந்த முதல் மாடலுக்கு எட்டுக் காலுள்ள வட்டச் செருகி; பின்னால் வந்த இரண்டாம் மாடலுக்கு ஒன்பது காலுள்ள சிறிய செருகி. இரண்டும் ஒன்றில் ஒன்று போகாது. முதல் மாடலில் வீடியோ துளை வழியாக ஒற்றை ஒலிதான் வரும். இரட்டை ஒலி வேண்டுமானால் முன்பக்கத்து ஹெட்போன் துளையிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுக்க வேண்டும். அதனால் நல்ல கேபிளில் உபரியாக ஒரு குட்டி வால் தொங்கும். விளம்பரத்திலோ 'சேகா கேபிள்' என்று மட்டும் இருக்கும். இதற்கு மாறாக, ப்ளேஸ்டேஷன் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றுக்கும் ஒரே செருகி. மூன்று தலைமுறைக்கு ஒரே வால். இந்தப் பொறுப்புணர்வு இத்துறையில் அபூர்வமாதலால் பதிவு செய்கிறோம்.

இத்துறையின் மகுடம் நின்டெண்டோ கேம்கியூபின் காம்பொனென்ட் கேபிள். 2001இல் வந்த கேம்கியூபின் பின்னால் இரண்டு வீடியோ துளைகள். ஒன்று எல்லோருக்கும். மற்றது டிஜிட்டல். அதில் செருகும் கேபிளின் தலைக்குள்ளேயே டிஜிட்டலைப் படமாக மாற்றும் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கும். கன்சோல் செய்ய வேண்டிய வேலையைக் கம்பி செய்தது. வாங்கியவர்கள் மிகச் சொற்பம். அதனால் 2004இல் வந்த மாடலில் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். அத்தோடு கேபிளின் ஜாதகம் மாறிற்று. கன்சோலை நூறு டாலருக்குக் கீழே வாங்கிவிட்டு, கேபிளுக்கு இருநூறுக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. மணப்பெண்ணைவிடத் தாம்பூலத் தட்டு விலை கூடிய கல்யாணம் இது. பின்னாளில் அந்தத் துளைக்கென்று புதிதாக எச்டிஎம்ஐ செருகிகள் வந்தபின் வேகம் தணிந்தது.

தங்கமுலாம் பூசிய செருகி என்றொரு வகை உண்டு. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. பயனும் பெரிதாக இல்லை. மேலே நகர்வோம்.

துல்லியமான கேபிளை வாங்கியவன் படும் பாடு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த இயல் நிறையாது. 1991இல் வந்த சோனிக் த ஹெட்ஜ்ஹாக் ஆட்டத்தின் முதல் கட்டத்தில் அருவி ஒன்று விழும். மெகா டிரைவுக்கு ஊடுருவித் தெரியும் வண்ணம் காட்டத் தெரியாது. வரைந்தவர்கள் யுக்தி செய்தார்கள்: நீரை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகளாகப் போட்டார்கள். மலிவான மஞ்சள் கம்பியில் அது போகும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கசிந்து கலக்கும். கோடு மறைந்து, பின்னாலுள்ள பாறை மங்கலாகத் தெரியும் தண்ணீர் ஆகிவிடும். கம்பியின் குறையை நம்பி வரைந்த ஓவியம் அது. சிறப்பான ஆர்ஜிபி கேபிளைப் பெருவிலை கொடுத்து வாங்கி, தொழில்முறை மானிட்டரில் செருகி, விளக்கை அணைத்து உட்காருபவன் காண்பது அருவியன்று, வரிவரியான கோடு. அப்போது அவனுக்கு ஒரு மஞ்சள் கம்பி தேவைப்படுகிறது. அது அவனிடம் இருந்தது, கன்சோலோடு வந்தது, ஆர்ஜிபி வந்த அன்று இலவசமாகக் கொடுத்துவிட்டான். வாங்கிப் போனவன் இப்போது அதற்கு விலை சொல்கிறான்.

மறுப்போர் கூற்று: இவை எல்லாம் வீண், இப்போது படத்தைப் பெருக்கித் தரும் கருவிகள் வந்துவிட்டன. மெய்தான். 2023இன் இறுதியில் ரெட்ரோடிங்க் 4கே என்ற சிறு பெட்டி 750 டாலருக்கு வந்தது. பழைய கன்சோலைப் புது 4கே டிவியில் பெரிய தாமதமில்லாமல் காட்டும். அதோடு நில்லாமல், படக்குழாயின் கறுப்பு வரிகள், கம்பி வலையின் நிழல், ஒளி கசிவு எல்லாவற்றையும் கணக்கிட்டுத் திரையில் பொய்யாக வரைந்தும் தரும். ஒரு குறையை ஒழிக்க ஒரு டிவியும், அதே குறையை மீட்க ஒரு பெட்டியும் வாங்குவது பொருளியல் வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. டிவி விற்பவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள். கேபிள் விற்பவர்கள் சுளிக்கவில்லை. அந்தப் பெட்டிக்கும் கேபிள் வேண்டும்.

எஞ்சியது ரிமோட். சோனி வீட்டு டிவியில் படம் கோணினாலோ ஓரம் வளைந்தாலோ சரிசெய்ய ஒரு மறைமுக மெனு உண்டு. டிவி அணைந்திருக்கையில் ரிமோட்டில் டிஸ்ப்ளே, 5, வால்யூம் கூட்டல், பவர் என்ற வரிசையில் மளமளவென்று அழுத்த வேண்டும். பிரமோபதேசம் பெற்றவர்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். இது டிவியின் மேலுள்ள பொத்தானால் ஆகாது, ரிமோட்டே வேண்டும். ஆனால் பழைய டிவி ரிமோட்டோடு வருவது வழக்கமில்லை. அது சோபா இடுக்கில் விழுந்து, சோபாவோடு வேறு வீட்டுக்குப் போயிருக்கும். அந்த ரிமோட்டை விற்க ஒருவன் இருக்கிறான். வேலை செய்கிறதா என்று கேட்டால், சோதித்துப் பார்க்கத் தன்னிடம் டிவி இல்லை என்கிறான்.